மொட்டை மாடியில் கல்யாண விருந்து

எழுபதுகளின் கடைசியில், மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே போகும் தெரு ஒன்றில் புதிதாக ஒரு ஹோட்டல் கட்டினார்கள். அதன் மொட்டை மாடியில் தொட்டிச் செடிகளை வைத்து, கலர் பல்புகளைக் கட்டி, 'ரூஃப் கார்டன்' என்று பெயர் சூட்டினார்கள். மொட்டை மாடி என்றால் வடகம் காயப்போடும் இடம் என்று நினைத்திருந்த ஊருக்கு, அங்கே மேசை போட்டு முள்கரண்டியோடு சாப்பிடலாம் என்பது பெரிய செய்தி. மேலே போக லிஃப்ட் இருந்தது. சாயந்திரமானால் கிட்டார், டிரம், வெள்ளை பேண்ட் போட்ட ஒரு பாடகர். தெருவில் போகிறவன் அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதற்காக, முதலாளி இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளைத் தெருவைப் பார்த்தே வைத்திருந்தார்.

நான் அப்போது பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். வயது முப்பதைத் தொடவில்லை. ஆனாலும் நண்பர்கள் வட்டத்தில் எந்தக் காரியத்துக்கு எந்த விதி என்று கேட்க என்னிடம்தான் வருவார்கள். விதி தெரிந்தவனுக்கு உலகமும் தெரியும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. எனக்கும் இருந்தது. அன்று சாயந்திரம் வரை.

நண்பன் ஒருவன் தன்னோடு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினான். அவளுக்கும் அதே விருப்பம். மற்ற யாருக்கும் இல்லை. அவன் திருவாதவூர்ப் பக்கம். அவன் அப்பாவும் அம்மாவும் மற்றவர் வயலில் நாற்று நட்டு, களை பறித்து அவனைப் படிக்க வைத்தவர்கள். அவள் மதுரைக்கு மேற்கே, அப்படிப்பட்ட வயல்கள் நிறைய வைத்திருந்த வீட்டுப் பெண். அவள் ஊரில் அவன் பேரைச் சொன்னால், அடுத்த கேள்வி எந்தத் தெரு என்பதாக இருக்கும். அதற்கடுத்து கேள்வியே இருக்காது. அவளுக்கு அப்பா இல்லை. அப்பாவின் இடத்தில் இருந்த அண்ணன், விஷயம் அரசல்புரசலாகத் தெரிந்ததும் ஒரே ஒரு வாக்கியம் சொன்னதாக அவள் சொன்னாள்: "அவனை உசுரோட வச்சுட்டு ஊருக்குள்ள நான் நடக்க முடியாது."

இந்தப் பின்னணியில்தான் நான் திட்டம் போட்டேன். ஒரு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்துச் செய்யும் பதிவுத் திருமணத்தை முதலிலேயே தள்ளிவிட்டேன். அந்த அறிவிப்பை அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். அந்தப் பலகையை வேலை மெனக்கெட்டுப் படிக்கவென்றே வாசலில் ஆள் நிற்கும். ஆனால் நம் மாநிலத்துச் சட்டத்தில் வேறொரு வழி உண்டு. ஐயரும் வேண்டாம், அக்கினியும் வேண்டாம். நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டு, இவரை ஏற்கிறேன் என்று ஒருவருக்கொருவர் சொன்னால் போதும், செல்லும். காலையில் அதைச் செய்தோம். மதியம் வேறோர் ஊர் அலுவலகத்தில் பதிவு செய்தோம். இரவு மெட்ராஸ் ரயில். அங்கே இருவருக்கும் மாற்றல் உத்தரவு தயாராக இருந்தது. ஒரு சின்ன ஓட்டைதான் மிச்சம். பதிவு முடிந்ததற்கும் ரயிலுக்கும் நடுவில் இருந்த சாயந்திரம்.

லாட்ஜில் முதலில் தேடுவார்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்பார்கள். சினிமா தியேட்டரில் இடைவேளை விட்டதும் வரிசை வரிசையாகப் பார்ப்பார்கள். அவர்கள் கால் வைக்காத இடம் எது என்று யோசித்தபோது ரூஃப் கார்டன் நினைவுக்கு வந்தது. கதவைத் திறந்துவிட ஒரு ஆள் சலாம் போட்டு நிற்கும் இடத்துக்கு, அரப்பு மணக்கும் துண்டோடு கிராமத்து ஆள் யார் வருவார்கள் என்பது என் வாதம். ஸ்டேஷனும் கூப்பிடு தூரம். இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று நண்பர்களிடம் சொன்னபோது என் குரலில் இருந்த பெருமிதம் இன்னும் காதில் கேட்கிறது.

நான்கு பேர் போனோம். மாப்பிள்ளை, பெண், நான், வில்லாபுரத்திலிருந்து ஒரு நண்பன். வில்லாபுரத்தான் பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பான். மற்ற நேரமெல்லாம் மைக் பிடிப்பான். அவன் வட்டாரத்துக் கோயில் திருவிழா, காதுகுத்து, வளைகாப்பு எதிலும், "இதோ வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று வருகிறவர் பேரையும் ஊரையும் அவர் அப்பா பேரையும் சேர்த்து முழங்குவது அவன்தான். அவனை ஏன் கூட்டிக்கொண்டு போனோம் என்றால், பெட்டியைத் தூக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது.

லிஃப்ட் கதவைப் பார்த்தபடி இருக்கும் நாற்காலியை நான் எடுத்துக்கொண்டேன். அத்தோடு என் சாப்பாடு போனது. லிஃப்ட் மேலே வந்து நிற்கும்போதெல்லாம் ஒரு மணி அடிக்கும். சைக்கிள் மணியைவிடச் சின்னச் சத்தம். ஒவ்வொரு முறையும் அது என் அடிவயிற்றில் அடித்தது. கதவு திறக்கும். நைலக்ஸ் புடவை கட்டிய ஒரு அம்மாளும் புருஷனும் வருவார்கள். அடுத்த முறை மருந்துக் கம்பெனிப் பையன்கள். நான் மூச்சை விடுவதற்குள் லிஃப்ட் கீழே போய்விடும். மறுபடி யாரை ஏற்றிக்கொண்டு வரப் போகிறதோ.

போ டை கட்டிய சர்வர் தக்காளி சூப் கொண்டுவந்து வைத்தார். மாப்பிள்ளை சூப்பைத் தொடவே இல்லை. பச்சையும் சிவப்புமாக பல்புகள் மாறி மாறி எரிந்ததில் அவன் முகம் ஒருமுறை உயிரோடும் ஒருமுறை உயிரில்லாமலும் தெரிந்தது. பெண் மட்டும் ஃப்ரைட் ரைஸை நிதானமாகச் சாப்பிட்டாள். இதற்கு ஊறுகாய் உண்டா என்று கேட்டு, இல்லை என்றதும் வருத்தப்பட்டாள்.

"சார், நீங்க லிஃப்டையே இப்படி வெறிச்சுப் பாத்தா, தேடி வாரவுகளுக்கு நீங்களே அடையாளம் காட்டுன மாதிரி இருக்கும்" என்றாள். "சாப்பிடுங்க. பயந்துக்கிட்டே சாப்பிடலாம். நான் அப்படித்தான சாப்பிடுறேன்."

வில்லாபுரத்தானுக்குப் பயமில்லை. குறை மட்டும் இருந்தது. காலையிலிருந்து புலம்பிக்கொண்டே வந்தான். மேளம் இல்லை, சரி. பந்தல் இல்லை, சரி. ஒரு மைக் செட்டுகூட இல்லாத கல்யாணம் ஒரு கல்யாணமா? நாலு பேருக்குக் காதில் விழாமல் நடந்தால் அதற்கு வேறு பெயர் என்று அவன் ஊரில் சொல்வார்களாம். எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "கருமாதி வீட்லகூட இதவிடக் கலகலப்பா இருப்பாங்கெ மாப்ள" என்றான். பிறகு கை கழுவ எழுந்து போனான்.

கை கழுவத்தான் போகிறான் என்று நான் நம்பினேன். பாட்டு பாதியில் நின்றது. மைக்கை ஒருவர் ஊதிப் பார்க்கும் சத்தம் கேட்டது. அந்த ஊதலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை ஆயிரம் திருவிழாவில் கேட்டிருக்கிறேன்.

"பேரன்பு கொண்ட மதுரை வாழ் பெருமக்களே" என்று தொடங்கினான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். இன்று இல்லற வாழ்வில் அடியெடுத்து வைத்திருக்கும் மணமக்கள் நம்மிடையே அமர்ந்திருக்கிறார்கள் என்றான். அத்தோடு விட்டிருக்கலாம். மைக் பிடித்துப் பழகியவனுக்கு விடத் தெரியாது. மாப்பிள்ளையின் பேர், அவன் அப்பா பேர், ஊர். பெண்ணின் பேர். காலமான அவள் அப்பாவின் பேர், அதற்குமுன் ஒரு 'தெய்வத்திரு'. ஊர். யாருடைய பேத்தி என்பது வரை, ஒன்றுவிடாமல், சபை மரியாதை குறையாமல் சொன்னான். இரண்டு பெட்டிகளும் அதை வாங்கி நான்கு மாடிக்குக் கீழே இருந்த தெருவில் கொட்டின. எதிர்ச் சுவரில் பட்டு அந்தப் பேர்கள் ஒருமுறை திரும்பியும் வந்தன.

எல்லா மேசைகளிலும் கைதட்டினார்கள். நைலக்ஸ் புடவை அம்மாள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

பெண் எழுந்து கைப்பிடிச் சுவரிடம் போய் எட்டிப் பார்த்தாள். நானும் போனேன். கீழே தெருவில் எல்லாத் தலைகளும் நகர்ந்துகொண்டிருந்தன. ஸ்டேஷன் வாசலில் இருந்து வரும் பாதையில் இரண்டு பேர் மட்டும் நகராமல் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவர் தும்பைப்பூ வேட்டி. இன்னொருவன் கையில் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று.

"எங்கண்ணே" என்றாள். "கூட நிக்கிறது சித்தப்பா மகென், சின்னவென்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர்கள் லாட்ஜிலும் தேடவில்லை, தியேட்டரிலும் தேடவில்லை. ஸ்டேஷன் வாசலிலேயே நின்றிருந்தார்கள். மெட்ராஸ் ரயிலுக்கு வருகிறவர்கள் அந்த வாசல் வழியாகத்தானே வந்தாக வேண்டும். என் திட்டப்படி நாங்கள் சாப்பிட்டு முடித்து, பீடா போட்டுக்கொண்டு, நேராக அவர்கள் கைக்குள் நடந்து போயிருப்போம்.

இரண்டு பேரும் ஹோட்டல் வாசலை நோக்கி வேகமாக வந்தார்கள். பெண் சர்வரிடம் பின்னால் படி இருக்கிறதா என்று கேட்டாள். சமையலறைப் படி இருக்கிறது, ஆனால் வாடிக்கையாளர் அதில் போகக்கூடாது என்றார் அவர். விதி சொல்கிற மனிதரைப் பார்த்து நான் எரிச்சல்பட்டது என் வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்துவிட்டாள். வில்லாபுரத்தான் என்ன நடக்கிறது என்று புரிந்தும் புரியாமலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினான்.

நான் உட்கார்ந்தேன். அவர்கள் தப்பிக்க நேரம் கொடுப்பதற்காக நான் தனியாக உட்கார்ந்து எதிரிகளைச் சந்தித்தேன் என்று நண்பர்கள் இன்றும் சொல்கிறார்கள். மறுத்துப் பார்த்துவிட்டேன், கேட்பதாக இல்லை. உண்மையில் முழங்காலுக்குக் கீழே எனக்கு எதுவும் இல்லாமல் போயிருந்தது.

மணி அடித்தது. கதவு திறந்தது.

அண்ணனுக்கு நாற்பது வயது இருக்கும். பாடகர், பல்புகள், சாப்பிடும் பெண்கள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நான்கு தட்டு இருந்து ஒரே ஆள் உட்கார்ந்திருந்த மேசைக்கு வந்து என் எதிரில் அமர்ந்தார். சின்னவன் நின்றான். இருபது, இருபத்திரண்டு இருக்கலாம். மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. துண்டுக்குள் இருந்தது என்ன என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. துண்டின் ஓரத்தில் மரப்பிடி தெரிந்தது.

"எங்கே?" என்றார்.

"கிளம்பிட்டாங்கண்ணே."

"எந்தப் பக்கம்?"

தெரியாது என்று சொன்னேன். நம்பவில்லை என்பது தெரிந்தது. என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு, "நீதானா அந்த ஆபீஸ்காரன். எல்லாத்தையும் முடிச்சுக் குடுத்தவன்" என்றார். இப்படிப்பட்ட வேளைக்கென்று எனக்குத் தெரிந்த விதிகள் எல்லாம் வரிசையாக மனசில் வந்தன. புகார் எப்படி எழுதுவது, எந்தப் பிரிவு, சாட்சி யார், பிரேதப் பரிசோதனைக்கு யார் கடிதம் கொடுப்பது. எந்த நடைமுறையும் காரியம் நடந்து முடிந்த பிறகுதான் தொடங்கும் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெட்டுக்கு முன்னால் பூர்த்தி செய்ய அரசாங்கம் எந்தப் படிவத்தையும் அச்சடிக்கவில்லை.

"செல்லுமா அது?" என்று கேட்டார்.

எது என்று கேட்கவில்லை. சொன்னேன். வாய் தானாகச் சொன்னது. பெண்ணுக்கு வயது வந்துவிட்டது. சாட்சிகள் முன்னால் மாலை மாற்றினால் போதும் என்று சட்டம் சொல்கிறது. பதிவும் ஆகிவிட்டது. அலுவலகத்துக்கு வரும் கிராமத்தார்க்குச் சொல்கிற அதே வரிசையில், அதே தொனியில் சொன்னேன். அவரும் அவர்களைப் போலவே தலையை ஒருக்களித்துக் கேட்டார்.

"ரத்து பண்ணணும்னா?"

"அவங்களே வந்து கேக்கணும்ணே. வேற யாரு கேட்டாலும் ஆகாது."

அவர் என் பக்கத்தில் இருந்த தட்டைப் பார்த்தார். காலியாக, வழித்துச் சாப்பிட்டிருந்தது ஒன்றுதான். "அது கேக்காது" என்றார்.

"என்னண்ணே இவென்கூடக் கதை பேசிக்கிட்டு" என்றான் சின்னவன். "படியில எறங்கிருப்பாக. நான் போயிப் பாக்குறேன்."

"உக்காருடா."

சின்னவன் உட்கார்ந்தான். அந்த நேரம் பார்த்து சர்வர் ஒரு தட்டில் மூன்று கண்ணாடிக் கிண்ணங்களோடு வந்தார். பழக்கலவை, மேலே ஐஸ்கிரீம், அதன்மேல் ஒரு செர்ரி. கல்யாணம் என்று மைக்கில் சொன்னதைக் கேட்டு முதலாளி அனுப்பியதாம். பெண் வீட்டுக்காரரா என்று அண்ணனிடம் பணிவாக விசாரித்து, அவர் பதில் சொல்லாததை ஆம் என்று எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு கிண்ணமாக வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பிடித்திருக்கிறது என்று முடிவாகும் வரை ஒரு வாய் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் கை நனைத்ததாக ஆகிவிடும். கை நனைத்தபின் அது உறவு. அதற்குப் பிறகு அருவாள் எடுத்தால் ஊர் காறித் துப்பும். அண்ணன் தன் கிண்ணத்தை ஒரு விரலால் மேசையின் நடுவுக்குத் தள்ளினார். நானும் தொடவில்லை. என் காரணம் வேறு.

அண்ணன் தலையைக் குனிந்து எதையோ யோசித்தார். பாடகர் மறுபடி பாட ஆரம்பித்திருந்தார். கண்ணாடியில் ஸ்பூன் உரசும் சத்தம் கேட்டு நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்.

சின்னவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். விடியலில் கிளம்பியவன், அண்ணன் பின்னாலேயே அலைந்தவன், யாரும் அவனைச் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்க மாட்டார்கள். ஸ்பூன் பிடிக்க வசதியாகத் துண்டுச் சுருளை மேசைமேல், மிளகுத்தூள் டப்பாவுக்கும் என் தண்ணீர் டம்ளருக்கும் நடுவே வைத்திருந்தான். பாதிக் கிண்ணம் காலி. செர்ரியைக் கடைசிக்கென்று ஓரமாக ஒதுக்கியிருந்தான்.

"என்னடா பண்ற?" அண்ணன் குரல் உயரவே இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

"பசிச்சதுண்ணே."

"என்ன விருந்துன்னு தெரியுமாடா?"

சின்னவன் கிண்ணத்தைப் பார்த்தான். நாலு தட்டுகளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் முகம் சுண்டிப்போனது. ஸ்பூனை வைத்துவிட்டு, "கையால தொடலண்ணே. கரண்டியிலதேன்" என்றான்.

எனக்கு அந்த நிலையிலும் அது நல்ல சட்டக் கேள்வியாகப் பட்டது. கரண்டியில் தின்றால் கை நனைத்ததாகுமா, ஆகாதா. யாரும் என்னிடம் கேட்கவில்லை. சின்னவனின் கை துண்டுச் சுருளை நோக்கிப் போனது. அண்ணன் அவனுக்கு முன்னால் அதை எடுத்துத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"நான் நனைக்கல" என்றார் என்னிடம். "அதைச் சொல்லிரு. இந்தப் பய தின்னது இவனோட. நான் பச்சத்தண்ணி குடிக்கல."

எழுந்தார். லிஃப்ட் வரை போய் அதன் பொத்தான்களைப் பார்த்து நின்றார். வரும்போது கீழே நின்ற ஆள் அமுக்கி அனுப்பியிருக்கிறான். திரும்பி, "வா, எறக்கி விடு" என்றார். எழுந்து போனேன். பில்லைப் பற்றி சர்வர் வாயைத் திறக்கவில்லை. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும். மறுநாள் போய்க் கட்டினேன்.

கதவு மூடியது. மூன்று பேருக்கே இடிக்கிற பெட்டி அது. அருவாளின் முனை துண்டைத் தாண்டி என் விலாவில் லேசாகப் பட்டது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை, இடம் அவ்வளவுதான். வேறு எந்த இடமாக இருந்தாலும் யாராவது பார்ப்பார்கள். இங்கே யாரும் இல்லை. ஒவ்வொரு மாடியாக விளக்கு மாறி மாறி எரிவதைப் பார்த்துக்கொண்டு, மூச்சை முழுதாக இழுத்தால் விலா முனையில் பட்டுவிடும் என்று பாதி மூச்சோடு நின்றேன். இரண்டாவது மாடியைத் தாண்டும்போது அவர் பேசினார்.

"ஊருப் பக்கம் வந்துற வேண்டாம்னு சொல்லு. ஆத்தா செத்தாலும் வர வேண்டாம். நான் ஒருத்தென் மட்டும்னா வேற. அம்புட்டுப் பேரையும் என்னால பிடிச்சு நிப்பாட்ட முடியாது."

தரைத்தளத்தில் கதவு திறந்தது.

தெருவில் இறங்கியதும் நின்றார். இடது கைப் பக்கம் ஸ்டேஷன். அங்கிருந்து வந்தவர்தான் அவர். மெட்ராஸ் ரயில் நடைமேடையில் நிற்பதாக ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது எங்கள் மூவர் காதிலும் விழுந்தது. சின்னவன் அந்தப் பக்கம் ஓரடி வைத்தான். அண்ணன் அவன் பிடரியில் கை வைத்து, வலது கைப் பக்கம் திருப்பி, பஸ் ஸ்டாண்டை நோக்கி நடத்திக்கொண்டு போனார். ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

கண்ணுக்கு மறையும் வரை நின்று பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனேன். வில்லாபுரத்தான் ஒரு பெட்டியின் கதவில் நின்றான். முகம் வெளிறி, பேச்சு மொத்தமாக நின்றிருந்தது. உள்ளே மாப்பிள்ளை மேல் படுக்கையில் துண்டால் முகத்தை மூடிக் கிடந்தான். அவள் ஜன்னல் ஓரத்தில், தெரிந்தே, எல்லாரும் பார்க்கும்படி உட்கார்ந்திருந்தாள்.

அண்ணன் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். ஆத்தாவைப் பற்றியதையும் சொன்னேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வேறு ஏதேதோ கேட்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"எங்கண்ணே சாப்பிட்டுச்சா?" என்றாள்.

"இல்ல. தண்ணிகூடக் குடிக்கல."

தலையை ஆட்டினாள். அதன் அர்த்தம் என்ன என்று அவளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சின்னவனைப் பற்றிச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். சொல்லவில்லை. ரயில் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. அவள் எழுந்து நின்று ஜன்னலின் தகரக் கதவை இரண்டு கையாலும் கீழே இழுத்து மூடினாள். நானும் வில்லாபுரத்தானும் அந்த மூடிய ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நடைமேடையில் வருகிற ஒவ்வொரு ஆளின் கையையும் பார்த்தபடி, ரயில் நகரும் வரை நின்றோம்.